அறுவடை வரைக்கும் ஒரு தவணை

1. பூட்டிய கேட்

சாமி அறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது லெட்சுமி அக்காவின் போன் வந்தது.

“தம்பி, கேட்டைப் பூட்டிட்டாங்க லா. உள்ள விட மாட்றானுங்க. என் சோளம் இப்பத்தான் பூ எடுத்திருக்கு. உரம் வைக்கணும்.”

ஊதுவத்தியைச் செருகிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். கெடா மாநிலச் சோள விவசாயிகள் சங்கத்தில் நான் களப்பணியாளர். பாடாங் செராய் சுற்றுவட்டாரம் என் பொறுப்பு.

அந்த நிலம் முன்பு ரப்பர்க்காடு. மரங்களைச் சாய்த்த பிறகு நிலத்துக்குச் சொந்தமான கம்பெனி அதைச் சும்மா போட்டு வைத்திருந்தது. லாலாங் புல் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்த இடத்தை எங்கள் ஆட்கள் சுத்தம் செய்து சோளம் போட்டார்கள். “போட்டுக்கோங்க, கேட்கும்போது விட்டுடணும்” என்று பழைய மேனேஜர் வாயால் சொன்னதுதான் அனுமதி. கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இப்போது கம்பெனி கட்டடம் கட்டப் போகிறது. அதனால் கேட்டில் பூட்டு.

சங்கம் என்ன செய்கிறது என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். உரத்தை மொத்தமாக எடுத்துத் தருகிறோம். புழு விழுந்தால் எந்த மருந்து என்று சொல்கிறோம். பாசார் மாலாம் இரவுச் சந்தைக் கடைக்காரர்களோடு பேசிச் சோளத்துக்கு ஆள் பிடிக்கிறோம். இதெல்லாம் பாதி வேலைதான். மீதிப் பாதி, கேட்க உரிமை இல்லாதவர்களுக்காக அதிகாரத்தில் இருப்பவர் முன்னால் போய் நின்று கேட்பது. தனி ஆள் போனால் கேட்டில் உள்ள கார்டு போஸ்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். மாநிலச் சங்கம் என்றால் நாற்காலி போடுவார்கள்.

2. மேனேஜர் அறை

அலோர் ஸ்டாரிலிருந்து எங்கள் தலைவர் வந்தார். இருவரும் போய் உட்கார்ந்தோம். புது மேனேஜரும் தமிழர்தான். நெற்றியில் விபூதி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“சார், பயிர் பூவில நிக்குது. அறுக்கிற வரைக்கும் விட்டுடுங்க. அப்புறம் நாங்களே காலி பண்ணிக் கொடுத்துடுறோம்” என்றார் தலைவர்.

மேனேஜர் பேனாவை மூடினார். “இந்தப் பயிர் மட்டும்தான். அறுத்த கையோட வெளியே போயிடணும். புதுசா ஒரு விதை விழுந்துச்சுன்னா அன்னைக்கே புல்டோசர் இறங்கும். மேலிடத்துல நான்தான் பதில் சொல்லணும். யார் பொறுப்பு?”

தலைவர் என்னைப் பார்த்தார். ஆட்களைத் தெரிந்தவன் நான்தானே.

“சங்கம் பொறுப்பு சார்” என்றேன்.

கேட்டருகே உள்ள முனீஸ்வரர் கோயிலில் அன்று சாயங்காலமே எல்லாரையும் கூட்டினேன். சாமி முன்னால் சொன்னால் மனதில் நிற்கும் என்பது என் எண்ணம். இந்தப் பயிர் மட்டும், புது விதை கூடவே கூடாது என்று தமிழிலும் மலாயிலும் சொன்னேன்.

“எங்க வீட்டுக்காரரக்கூட நான் இப்படிக் காவல் காத்ததில்ல தம்பி. இந்தச் சோளத்துக்குத்தான் காத்துக் கெடக்கேன். அறுத்ததும் போயிடுறேன்” என்றார் லெட்சுமி அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

செல்வராஜு மட்டும் சிரிக்கவில்லை. குருண் டவுனில் வேலை பார்த்த தொழிற்சாலை ஆள் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் அவன். “அறுத்துட்டு எங்கண்ணே போறது?” என்று கேட்டான்.

“முதல்ல அறுப்போம்பா. அப்புறம் பார்ப்போம்” என்றேன்.

3. வாய்க்காலோரம்

கதிரில் மயிர் காயத் தொடங்கியிருந்தது. இன்னும் பத்து நாள் போனால் ஒடிக்கலாம். ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தவன், செல்வராஜு இடத்தின் பின்பக்கம் வாய்க்காலோரமாக நின்றுவிட்டேன். காட்டுப்பன்றி மிதித்துப் போட்டிருந்த இடத்தில் புது முளை, வரிசை வரிசையாக. இரண்டு இலை விட்டிருந்தது.

“என்னப்பா இது?”

அவன் மறைக்கவில்லை. “சோளம் நிக்கிற வரைக்கும் மிஷினை உள்ள விட மாட்டாங்க இல்ல. பழசு போனா புதுசு நிக்கும். அது போனா இன்னொண்ணு.”

“வாக்குக் கொடுத்திருக்கேன்டா! எல்லார் பயிரும் போயிடும்.”

“வாக்கு நீங்க கொடுத்தீங்க. நான் என் புள்ளைங்களுக்குச் சோறு கொடுக்கணும். சங்கம்னா என்னண்ணே, மேனேஜரோட உக்காந்து டீ குடிக்கிறதா?”

பக்கத்துப் பாத்தியிலிருந்து லெட்சுமி அக்கா ஓடி வந்தார். பார்த்தார். “அடப் பாவி, எங்க எல்லார் வாயிலயும் மண்ணைப் போட்டியேடா” என்று கத்திக்கொண்டே குனிந்து பிடுங்க ஆரம்பித்தார். நானும் குனிந்தேன். முளைத்த பயிரைப் பிடுங்குவது பாவம் என்று வளர்ந்தவன் நான். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே பிடுங்கினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்த செல்வராஜுவும் உட்கார்ந்து, தான் போட்டதைத் தானே பிடுங்கினான்.

பிரயோஜனம் இல்லை. கம்பெனி வாட்ச்மேன் நான் பார்ப்பதற்கு முன்பே படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பிவிட்டான்.

மேனேஜர் போனில் சத்தம் போடவில்லை. “மிஸ்டர் கணேசன், உங்களை நம்பி மேலிடத்துல பேசினேன். இனிமே என் கையில ஒண்ணும் இல்ல. திங்கட்கிழமை மிஷின் வருது” என்றார்.

தலைவர் பேசிப் பார்த்தார். நான் நேரில் போய், ஒருவன் செய்ததற்கு எல்லாரையும் தண்டிக்காதீர்கள் என்று வாசல் காவலரிடமே கையெடுத்துக் கும்பிட்டேன். கார்டு போஸ்டைத் தாண்ட விடவில்லை. அன்று சங்கத்துக்கும் நாற்காலி இல்லை.

4. மாட்டுத் தீனி

சங்கத்தின் பெயரால் அந்த நிலத்துக்கு நான் செய்த கடைசி வேலை, மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் காதர் பாய்க்குப் போன் போட்டது. மணி முற்றாத கதிரை யார் வாங்குவார்கள்? தட்டையோடு வெட்டினால் மாட்டுக்காவது ஆகும். ஞாயிற்றுக்கிழமை அவர் லோரியோடு வந்தார். ஒரு கதிரை உரித்துப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாக, பால்கூடச் சரியாகப் பிடிக்காத மணிகள்.

“நல்ல தீனிதாண்ணே. ஆனா வாங்கிட்டுப் போக எனக்கே மனசு வரல” என்றார்.

எல்லாரும் தங்கள் சோளத்தைத் தாங்களே வெட்டினார்கள். செல்வராஜு தன் இடத்தை விட்டுவிட்டு லெட்சுமி அக்கா பாத்தியில் இறங்கி வெட்டினான். அவர் அவனைப் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மறுநாள் மிஷின் வந்தபோது அங்கே எங்கள் ஆள் ஒருவரும் இல்லை.

5. நான் படித்துக்கொண்டது

செல்வராஜுவைத் திட்டாத ஆளில்லை. என்னால் முழுதாகத் திட்ட முடியவில்லை. அறுவடைக்குப் பிறகு எங்கே போவது என்று அவன் கேட்டான். அதைச் சங்கம் கேட்டதே இல்லை. விதை கேட்டோம், உரம் கேட்டோம், கடை போட இடம் கேட்டோம், தவணை கேட்டோம். நிலம் கேட்கவில்லை. கேட்டால் மற்றதையும் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். சங்க வேலைக்கு வரும் பிள்ளைகளே, நிலத்தை முதலில் கேளுங்கள். பயிர் நிற்கும்போது போய்க் கேட்டால் தவணைதான் கிடைக்கும்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எழுந்து சொன்னேன். தலைவர், “சரி கணேசன், அதைப் பிறகு பார்ப்போம்” என்று உர விலைக்குப் போய்விட்டார்.

செல்வராஜு இப்போதும் போன் போடுகிறான். “அண்ணே, எங்கயாச்சும் கொஞ்சம் எடம் இருந்தாச் சொல்லுங்கண்ணே” என்பான். “பார்க்கிறேன்பா” என்பேன். சாமி சத்தியமாகப் பார்க்கத்தான் செய்கிறேன். பாடாங் செராயிலிருந்து குருண் போகும் வழியெல்லாம் சும்மா கிடக்கும் நிலம் கண்ணில் படுகிறது. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தால், புல்லுக்குள்ளே ஒரு கம்பெனியின் போர்டு நிற்கிறது.