ஞாயிற்றுக்கிழமைக்கு வளர்த்த கோழி

தாராபுரத்தில் பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் குடியிருக்கும் தாஜுன்னிசாவுக்குக் கோழி வளர்க்கும் ஆசை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். மகன் ஜாவித் ஒரு நாள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

ஜாவித்துக்குக் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடை வேலை. ஊரே லீவு விடும் ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம் நெரியும். ஆடிக்குத் தள்ளுபடி, ஆவணிக்கு முகூர்த்தம், அப்புறம் தீபாவளி. அந்தக் கடைக் காலண்டரில் அம்மாவுக்கென்று ஒரு நாளை அச்சடிக்க மறந்துவிட்டார்கள். பக்ரீத்துக்கு வந்தவன், கறி வாசம் கைவிரலை விட்டுப் போவதற்குள் பஸ் ஏறிவிட்டான். அதற்கப்புறம் போனில்தான் மகன். "வாரேனுங்கம்மா, வாரேனுங்கம்மா" என்பான். எந்த மாசத்து 'வாரேன்' என்று கேட்க அவளுக்கு வாய் வராது.

கணவர் யூனுஸ் தையல் மெஷின் ரிப்பேர்காரர். அவர் மௌத்தாகிப் போனபிறகு வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். கழுவுவதற்குக்கூட வேலை இல்லாத சமையல்.

அப்படி இருக்கையில்தான் பக்கத்து வீட்டு மௌனிகா ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். அவளுடைய அண்ணன் கறிக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். பெட்டிக்குள் ஆறு மஞ்சள் குஞ்சுகள், யாரோ அடித்துப் பிடித்து ஏற்றிவிட்ட டவுன் பஸ் கூட்டம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

"ஏனுங்கக்கா, வளத்திப் பாருங்க. நாட்டுக்கோழியாட்டம் மாசக்கணக்குல இழுக்காதுங்க. ஒண்ணரை மாசத்துல கறிக்கு வந்துரும். அதுக்கு மேல உட்டீங்கன்னா அது கனத்தை அதுவே தாங்காது. உக்காந்த எடத்துலயே போய்ச் சேந்துரும்."

வேறு யாராவது என்றால் இதைக் கேட்டதும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். தாஜுன்னிசாவுக்கு அதுதான் பிடித்தது. அம்மா என்றால் காத்திருப்பாள் என்று மகனுக்குத் தெரியும். கோழி காத்திருக்காதே!

அன்றைக்கே போன் போட்டாள். "கண்ணு, கறிக்கோழி வளக்கறேன். ஒண்ணரை மாசந்தான் கெடு. உங்கத்தா போனப்புறம் இந்த ஊட்டுல கோழி அறுக்க ஆம்பளை நீ ஒருத்தன்தான். நீ வந்து பிஸ்மில்லா சொன்னாத்தான் சட்டி அடுப்புல ஏறும்."

"நீங்க? கோழி? நாய்க்குப் பயந்து மாடிப்படியில ஏறுன ஆளுங்கம்மா நீங்க!"

அவன் வெகுநேரம் சிரித்தான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் ஓட்டினாள்.

யூனுஸின் பழைய மெஷின் அறையில் உமி கொட்டி, குண்டு பல்பைத் தாழத் தொங்கவிட்டுக் குஞ்சுகளுக்குச் சூடு காட்டினாள். கொஞ்சம் வளர்ந்ததும், நாட்டுக்கோழிகளைப் பார்த்த பழக்கத்தில் கொல்லையில் திறந்துவிட்டு, "போங்க, மேஞ்சுட்டு வாங்க" என்றாள். ஆறும் இரண்டு எட்டு வைத்தன. திரும்பின. தீவனத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டன. எதிர்வீட்டுச் சேவல் சுவரேறி வந்து, இதுகளும் நம் இனந்தானா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போனது.

மேயத் தெரியவில்லையே தவிர, அவை நல்ல கேட்பாளர்கள். "அவனுக்கு ஈரல்னா உசுரு, தெரியுமா? சின்னதுல என் தட்டுலிருந்து எடுத்துத் தின்னுபோடுவான்" என்று சொல்லிக்கொண்டே தீவனம் போடுவாள். ஈரல் பேச்சைக் கோழிகளிடமே பேசுகிறோமே என்று உறைத்தால், வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றுவாள்.

கோழிகள் சொன்ன வாக்கைக் காப்பாற்றின. நாளொரு பருமனாய் ஊதின. ஜாவித்தான் காப்பாற்றவில்லை. ஒரு ஞாயிறு கடையில் ஸ்டாக் எடுப்பு. அடுத்த ஞாயிறு முகூர்த்தக் கூட்டம். யூனுஸின் கத்தியைத் தீட்டித் துணியில் சுற்றுவதும் மறுபடி பெட்டியில் வைப்பதுமாக அவளுக்குப் பொழுது போனது. ஒரு மத்தியானம், ஆறில் பெரியது வாயைப் பிளந்து மூச்சிரைத்தது. தண்ணீர் தெளித்து, முறத்தால் விசிறிப் பார்த்தாள். அப்படியே சாய்ந்துவிட்டது. தானாகச் செத்ததைத் தின்னக்கூடாது. கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தாள்.

மௌனிகாவுக்கு மனசு கேட்கவில்லை. உதவி செய்கிறேன் என்று கிளம்பினாள். மறுநாள் சாயங்காலம் தாஜுன்னிசா மகனோடு பேசிக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா! உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தை ரோட்டுல பாத்துக் கேட்டுப்போட்டனுங்க! பொம்பளைங்களும் அறுக்கலாமாமுங்க! பிஸ்மில்லா சொல்லோணும், கத்தி கூரா இருக்கோணும், அவ்வளவுதானாமா!"

போனில் ஜாவித்துக்கும் அது கேட்டுவிட்டது. "அட, அப்புறமென்னங்கம்மா! நீங்களே அறுத்து, வறுத்து, பஸ்ஸுல குடுத்து உட்ருங்க. சிங்காநல்லூர் ஸ்டாண்டுல நான் வாங்கிக்கறேன்."

எவ்வளவு பெரிய சிக்கலை அவிழ்த்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவன் குரலில். தாஜுன்னிசா போனை வைத்தாள்.

"உன்னைய யாரு அம்மணி கேக்கச் சொன்னா?"

"ஏனுங்கக்கா? நல்லதுதானுங்களே?"

"நல்லதுதான். யாரு இல்லைன்னா."

யூனுஸ் அறுக்கும் காலத்தில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு காலைப் பிடிப்பாள். இப்போது கத்தி அவள் கையில். கால் மௌனிகா கையில். கோழியைவிட மௌனிகாதான் அதிகமாகக் கத்தினாள். தாஜுன்னிசா கிப்லா இருக்கும் மேற்குத் திசையைப் பார்த்து நின்று, பிஸ்மில்லா சொல்லி அறுத்தாள். கண்ணை மூடவில்லை. மூடுவதற்கு இந்தமுறை வழியில்லை.

நான்கைத்தான் அறுத்தாள். கறியை மிளகு போட்டுச் சுருள வறுத்து, ஈரலைத் தனியாக வாழையிலையில் கட்டி, டப்பாவில் அடைத்துக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் டப்பா கழுவித் துடைத்து, உள்ளே மைசூர்பாவோடு அதே பஸ்ஸில் வந்து இறங்கியது. சொன்ன சொல் தவறாமல் ஊர் வந்து சேர்ந்தது அந்த வீட்டில் அந்த டப்பா மட்டுந்தான்.

ஐந்தாவது கோழி?

அது செத்தும் போகக்கூடாது, அறுபடவும் கூடாது. ஜாவித் வரும்வரை தாங்க வேண்டும். தாஜுன்னிசா தீவனத்தைப் பாதியாகக் குறைத்தாள். தினமும் வெயில் தாழ்ந்ததும் அதைச் சந்துக்கு ஓட்டி வந்து, கையில் நாலு மக்காச்சோளத்தைக் காட்டிக்கொண்டே முன்னால் நடந்தாள். கல்யாணத்துக்கு நேரமாகிவிட்ட பெரிய மனுஷிபோலக் கோழி பின்னால் அசைந்து அசைந்து வந்தது.

"ஏனுங்கக்கா, கோழிக்குச் சுகருங்களா? வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்க?" மௌனிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குந்தான் ஒடம்பு பெருத்துக் கெடக்குது. வாய மூடிட்டுக் கூட நட."

அந்த வாரமே கோழி சந்துமுனைவரை போய் வந்தது. தாஜுன்னிசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. போனில் மகனிடம் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணு உனக்குன்னு வெச்சிருக்கறேன் கண்ணு. நல்லா நடக்குது. மூச்சிரைப்பே இல்ல."

"அப்படீங்களா? செத்துப்போயிருமுன்னு பயந்துட்டே இருந்தனுங்கம்மா. இந்த ஞாயித்துக்கெழம அடிச்சுப் புடிச்சாவது வந்தரலாம்னு லீவு கேட்டு வெச்சிருந்தேன். நல்லா இருக்குதுன்னா அவசரமில்லீங்களே? தீபாவளி யாவாரம் முடியட்டுமுங்க. சாவகாசமா வாரேன்."

வாசலில் கோழி அவள் காலடியில் நின்று, நடக்கப் போகலாமா என்பதுபோல அண்ணாந்து பார்த்தது.

"அவசரமில்ல கண்ணு," என்றாள் தாஜுன்னிசா. "வேலையப் பாரு."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கோழியும் பின்னாலேயே வந்தது. தீவன மூட்டையின் வாயை அவிழ்த்தாள். கை நிறைய அள்ளித் தட்டில் போட்டாள். இன்னொரு கை. தட்டு விளிம்பைத் தாண்டி உமியில் சிந்தும்வரை போட்டுக்கொண்டே இருந்தாள்.

கோழி உடனே கொத்தவில்லை. தட்டைப் பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்தது.

"தின்னு," என்றாள். "நல்லாத் தின்னு, சாமி."