ஒரு போன், ஏழு பேர்

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். இணையப் பக்கம் செய்யும் எச்டிஎம்எல் முழுக்கக் கைப்பேசியில் வீடியோ பார்த்துக் கற்றது. அதனால் எந்தப் படிவத்தைச் செய்து கொடுத்தாலும், எங்கே தப்பு விட்டேனோ என்று நாலு தடவை திறந்து பார்ப்பேன்.

கள்ளக்குறிச்சியில் மருந்துக்கடை வைத்திருக்கும் பாய், கச்சிராயபாளையத்தில் ஒரு கண் முகாமுக்கு ஏற்பாடு செய்தார். பதிவுப் படிவம் என் வேலை. பெயர், வயது, ஊர், போன் நம்பர், கீழே ஒரு பட்டன். முந்தைய முகாமில் டவுன்காரர்கள் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தி ஆளுக்கு மூன்று டோக்கன் வாங்கியிருந்தார்கள். அதற்காக நம்பர் பெட்டியைக் கட்டாயமாக்கி, ஒரு நம்பருக்கு ஒரு பதிவுதான் என்றும் பூட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முகாமை டாக்டர் சனிக்கிழமைக்கு மாற்றினார். வெள்ளி காலை எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் ஒருவர் கூப்பிட்டார்.

“யாருங்க நீங்க? நான் ஓசூர்ல லாரி ஓட்றேன். என் கண்ணு நல்லாத்தாங்க கீது!”

பட்டியலைத் திறந்தேன். மலைமேல் ஒரே ஊரிலிருந்து ஏழு பேர். ஏழு நம்பரும் ஒன்றுதான்; கடைசி எண் மட்டும் மூன்றிலிருந்து ஒன்பதுவரை வரிசையாக ஏறியிருந்தது. முதல் நம்பரைக் கூப்பிட்டேன். போகவில்லை. மலையில் சிக்னல் இல்லை போல; மறுபடி கூப்பிட்டேன். போகவில்லை.

பாயிடம் ஓடினேன்.

“நல்லா பூட்டுனம்மா பூட்டு! வர வேண்டியவங்களையே வெளிய நிறுத்திட்ட. இந்த டாக்டர வுட்டா அடுத்து யாரு, எப்ப வருவாங்களோ. மதியம் வெள்ளிமலை பஸ் இருக்கு. ஏறு.”

மலை ஊரில் இறங்கி விசாரித்தேன்; ஏழு பேரையும் பதிவு செய்தவள் அங்கே பெட்டிக்கடை வைத்திருந்தாள்.

“எங்க தெருவுக்கே இந்த ஒரு போனுதான். மொத ஆளுக்கு வாங்கிக்கிச்சு. அடுத்த ஆளுக்கு மாட்டேன்னுச்சு. ஒண்ணு கூட்டிப் போட்டேன், வாங்கிக்கிச்சு. நீதான செஞ்ச அத? மலையில ஆளுக்கொரு போனு வெச்சிக்கினு திரியறோம்னு உனக்கு யாரு சொன்னது?”

“அக்கா, முகாம் நாளைக்கே.”

அவள் முகம் மாறியது. ஏழு பேரில் ஒருவர் அவளுடைய மாமனார். இரண்டு கண்ணிலும் புரை. மலைக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே போனே கிடையாது.

“மீதிப் பேர மொத பஸ்ல ஏத்து. மாமனார நான் நடந்து போய் இட்டாறேன்” என்று அப்போதே கிளம்பிவிட்டாள்.

ராத்திரி அங்கேயே தங்கி, மறுநாள் ஆறு பேரோடு முகாமுக்கு வந்து இறங்கினேன். பன்னிரண்டு மணிக்குப் பதிவை மூடிவிடுவார்கள். பதினொன்று ஆனது, பதினொன்றரை ஆனது. வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். நர்ஸ் பட்டியலை மடிக்கப் பார்த்தபோது, “இதோ வந்துட்டாருங்க” என்று பொய் சொன்னேன்.

பன்னிரண்டுக்குச் சில நிமிடம் முன்னால் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வேன் ஒன்று வந்து நின்றது. மூட்டைகளுக்கு நடுவிலிருந்து பெரியவரைக் கைப்பிடித்து இறக்கினாள்.

“போன் நம்பர்?” என்றார் நர்ஸ்.

“இவளக் கேளுங்க” என்றாள் என்னைக் காட்டி.

என் நம்பரைச் சொன்னேன். பெரியவருக்கு ஆபரேஷன் தேதி, சொட்டு மருந்து, மறுபரிசோதனை பற்றிய செய்திகள் எல்லாம் இப்போது எனக்குத்தான் வருகின்றன. வந்தவுடன் துண்டுச் சீட்டில் எழுதி, பெட்டிக்கடையில் சேர்க்கச் சொல்லி வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். அது போய்ச் சேர்ந்ததா என்று மறுநாள் அவரையே கேட்டு நச்சரிக்கிறேன்.