வால்வை மூடிவிட்டு ஓர் அளவீடு

செவ்வாய்க்கிழமை காலை செம்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போது, தாராவியிலிருந்து சிக்கந்தர் பாயின் மகள் போனில் பேசினாள். "ஆன்ட்டி, வாப்பா மௌத்தாயிட்டாங்க. சாயா குடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க, அப்படியே போயிட்டாங்க. வலி, தக்லீஃப் ஒண்ணும் இல்ல." எழுபத்திரண்டு வயது, நல்ல சாவுதான். ஆனாலும் பிளாட்பாரத்திலேயே நின்று அழுதேன்.

நம் லேசர் ஆய்வகத்தில் இருந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். வெற்றிடக் கலத்தையும் பம்புகளையும் பார்த்துக்கொண்டவர். புற ஊதாக் கதிர் பட்டால் மூலக்கூறு எப்படி உடைகிறது என்று நாம் அளந்துகொண்டிருந்தோம். ஒரு லேசர் துடிப்பு உடைக்கும். நொடியைக் கோடி கோடியாகக் கூறுபோட்ட இடைவெளியில் அடுத்த துடிப்பு வந்து துண்டுகளைப் பிடிக்கும். நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "அடிக்கவன் ஒருத்தன், போட்டோ எடுக்கவன் ஒருத்தன்."

என் வேலை நீட்டிப்பு ஒரே கட்டுரையில் தொங்கிய வருடம் அது. என் மூலக்கூறு சட்டென்று உடையாமல், பாதி வழியில் தயங்கி நின்று உடைவதாகக் கண்டேன். யாரும் சொல்லாத விஷயம்! கட்டுரையை அனுப்பவேண்டிய நாளில் வந்து நின்றார். "வாயு வால்வ மூடிட்டு ஒருக்கா ஓட்டிப் பாத்துருவமா மேடம்?" எந்த முடிவையும் நம்புவதற்கு முன் அவருக்கு இது வழக்கம். எனக்குச் சுள்ளென்று வந்தது. "நீங்க பம்பைப் பாருங்க பாய், கெமிஸ்ட்ரிய நான் பாத்துக்கறேன்."

"பம்பத்தான மேடம் பாக்கச் சொல்லுதேன்" என்றார், கோபமே இல்லாமல்.

மூடிவிட்டு ஓட்டினோம். அந்த வால்வு வழியே வாயுவாகக் கலத்துக்குள் வரும் என் மூலக்கூறு இப்போது இல்லை. அந்தத் தயங்கிய சிக்னல் மட்டும் ஜம்மென்று வந்தது. பம்ப் எண்ணெயின் ஆவி! ஆறு மாதமாக நான் கொண்டாடியது அதைத்தான். வேலை போயிற்று என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

"எதுக்கு அழுதீய? எண்ணெய் எப்ப உடையும்னு உலகத்துல நமக்கு மட்டும்தான தெரியும்" என்று சாயா வாங்கிவந்தார். சிரிப்பு வந்துவிட்டது, பாவி மனுஷர்.

பிறகு மூன்று வாரம். பம்புகளைப் பிரித்து மாட்டினார், கலத்தைச் சூடேற்றிச் சுத்தம் செய்தார். மறுபடி அளந்தபோது மூலக்கூறு தயக்கமின்றி ஒரே அடியில் உடைந்தது. சின்னக் கட்டுரைதான். வேலை நீட்டிப்புக்கான நேர்காணலில் முதல் கேள்வியே, "வாயு இல்லாமல் அளந்தீர்களா?" என்பது. வால்வை மூடி அளந்த வரைபடத்தை எடுத்து நீட்டினேன். வேலை நிலைத்தது.

அன்று எரிந்து விழுந்ததற்கு அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவரிடமிருந்து எனக்குத் தங்கியது ஒன்றுண்டு: என் முடிவை இப்போது யார் சந்தேகித்தாலும், நானே எழுந்துபோய் வால்வை மூடுகிறேன்.