இரண்டு முனையும் ஒரே பெட்டியில்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் தோட்ட அலுவலகத்தில் நான்கு கணினிகள் இருந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அச்சு இயந்திரம் ஒன்றுதான், அது மூத்த எழுத்தரான கிராணியின் மேசையில். ஒரு தாள் எடுக்க வேண்டுமென்றாலும் பென்டிரைவோடு அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். செம்பனைப் பழ லோரிகளை நிறுக்கும் எடைமேடை நாற்பது மீட்டர் தள்ளி இருந்தது. அதைத் தோட்டத்தில் எல்லாரும் தீம்பாங் என்றுதான் சொல்வார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் மலாய்க்கார அண்ணன் நண்பகல் ஒரு தடவை, மாலை ஒரு தடவை பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுப்பார். மழை நாளில் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு ஓடி வருவார்.

எனக்கு அப்போது மூன்று மாதத் தகுதிகாண் காலம் நடந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். அவரும் மலாய்க்காரர், நாங்கள் துவான் என்போம். லோரி எடைமேடையை விட்டு இறங்குவதற்குள் அதன் எடை நம் அலுவலகக் கணினியில் தெரிய வேண்டும் என்று தலைமையகம் சொல்லிவிட்டதாம். கிள்ளானில் இந்த வேலை செய்து தரும் ஒரு குத்தகைக்காரர் இருக்கிறார், அவர் நம்பரைத் துவான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். ஆனால் என் விண்ணப்பத்தில் கணினி வலையமைப்பு டிப்ளோமா என்று இருந்ததை அவர் மறக்கவில்லை.

"போலே?" என்று கேட்டார். முடியுமா என்பதற்கு அந்த ஒரு சொல்தான்.

"போலே, துவான்."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமைக்குள் ஓடிவிட்டால், இனித் தோட்டத்தின் கணினி வேலையெல்லாம் என் பொறுப்பு. ஓடாவிட்டால் கிள்ளான்காரர் வருவார், நான் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருக்கலாம். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. என் அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே என்னைக் கொண்டுபோய் விடுவதற்காகத்தான். இருபது வருடத்துக்கு மேல் அவர் மரத்தடியில் உதிர்ந்த செம்பனைப் பழங்களைப் பொறுக்கினார். ஒரு பழம் புல்லுக்குள் கிடந்தாலும் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் திரும்பக் கூப்பிடுவார். முட்டி தேய்ந்த பிறகு அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை கொடுத்தார்கள். ஆக, நான் வேலைக்குப் போன முதல் நாள் எனக்கென்று ஒதுக்கியிருந்த மேசையைத் துடைத்து வைத்திருந்தது அம்மாதான். அலுவலகத்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். என் நாற்காலி மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பளபளப்பாக இருக்கும்.

சனிக்கிழமை கோலசிலாங்கூர் டவுனுக்குப் போய் ஒரு பெட்டி கேபிள், முனைகள், முனை அழுத்தும் இடுக்கி, எட்டுத் துளை உள்ள ஒரு சுவிட்ச் பெட்டி எல்லாம் வாங்கி வந்தேன். விளக்கு சுவிட்ச் இல்லை இது. எல்லாக் கணினிகளின் கேபிளும் வந்து சேரும் சிறு பெட்டி. ஒரு கணினி சொல்வதை வாங்கி, போக வேண்டிய கணினிக்கு அனுப்புவது அதன் வேலை. தீம்பாங் அண்ணனும் இரண்டு வேலையாட்களும் மண்ணைக் கீறி, கேபிள் போவதற்குக் குழாய் புதைத்தார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. தொப்பிக்குள் பென்டிரைவ் வைத்து ஓடுவது இனி இல்லை என்று அண்ணனுக்குப் புரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் முனை போட்டேன். கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இந்த வரிசை இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். போலிடெக்னிக்கில் பத்துப் பேருக்கு ஓர் இடுக்கி. என் முறை வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். அதனால் முதல் மூன்று முனைகள் வீண். நான்காவதில் சோதனைக் கருவியின் விளக்குகள் ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக எரிந்தன. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

எண் கொடுப்பதும் எனக்குப் பிடித்த வேலை. ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு, தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு இருப்பதுபோல. ஒரே நம்பரில் இரண்டு வீடு இருந்தால் கடிதம் எங்கே போகும்? கணினிகளுக்கு எண்ணைத் தானாகவே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அச்சு இயந்திரத்துக்கு மட்டும் மாறாத எண் வைத்தேன். எல்லாரும் தேடி வரும் வீடு இடம் மாறக் கூடாது.

திங்கட்கிழமை மாலை எல்லாவற்றையும் இணைத்தோம். ஒரு லோரி எடைமேடையில் ஏறியது. கிராணியின் திரையில் எடை வந்து நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"தீம்பாங்குல ஏறுனது இங்க தெரியுதா? பரவால்ல லா, மேடம். படிச்ச படிப்பு வீண் போகல."

கதவருகே வாளியோடு அம்மா நின்றிருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டோர் அறை அலமாரியில் வைத்திருந்த சுவிட்ச் பெட்டியில் ஒரு குட்டைக் கேபிளால் என் மடிக்கணினியை இணைத்துக் கடைசியாக ஒரு முறை சரிபார்த்தேன். பிறகு மடிக்கணினியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். கேபிளைக் கழற்றவில்லை. ஒரு முனை பெட்டியில் இருந்தது, மறு முனை அலமாரி ஓரத்தில் தொங்கியது. அதை அப்படியே விட்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை எதுவும் ஓடவில்லை. எடைமேடையிலிருந்து ஒன்றும் வரவில்லை. அச்சு இயந்திரத்தைக் காணோம் என்றன கணினிகள். ஸ்டோர் அறைக்குப் போய்ப் பார்த்தேன். பெட்டியில் விளக்குகள் எல்லாம் ஒன்றாக, மூச்சு விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. பெட்டியைச் சுற்றி நன்றாகக் கூட்டியிருந்தது. நான் கொசகொசவென்று விட்டுவிட்டு வந்த கேபிள்கள் வளையமாகச் சுற்றப்பட்டு, ராஃபியா கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. அம்மா கீரைக்கட்டுக்குப் போடும் அதே முடிச்சு. அந்தக் கலக்கத்திலும் எனக்கு அது இதமாக இருந்தது. என் வேலையை அழகாக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கருவியை எடுத்துக்கொண்டு எடைமேடைக்கு ஓடினேன்.

எனக்கு என் முனைகள்மேல்தான் சந்தேகம். நாற்பது மீட்டர் கேபிளின் இரண்டு முனைகளையும் வெட்டிப் புதிதாகப் போட்டேன். கருவியில் எட்டு விளக்கும் எரிந்தன. பெட்டியில் சொருகினால் பழைய கதை. இரவு இடி இடித்ததே, அதனால் இருக்குமோ என்று பெட்டியை அணைத்துப் போட்டேன். ஒரு நிமிடம் ஒழுங்காக இருப்பதுபோல் இருந்து, மறுபடி துடிக்க ஆரம்பித்தது.

"நேத்து சாயந்தரம் ஓடுச்சி, இன்னிக்கிக் காலையில படுத்துக்கிச்சி," என்றார் கிராணி. "நம்ம டிராக்டர் மாரியே இருக்கே, மேடம்."

"மேடம்னு கூப்பிடாதீங்க, அங்கிள்."

"சரி, ஓடட்டும். அப்பறம் பேரு சொல்லிக் கூப்பிடுறேன்."

அன்று மாலை அண்ணன் மறுபடியும் தொப்பிக்குள் பென்டிரைவோடு வந்தார். என்னைப் பார்க்காமல் கிராணியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நல்ல மனத்தை நான் மறக்க மாட்டேன்.

புதன்கிழமை காலை கிராணி குரலைத் தாழ்த்தி, "கிள்ளான்காரன் நம்பரு துவான் மேசையில எடுத்து வெச்சிருக்கு மா. பாத்துக்க," என்றார். கேலி இல்லாமல் அவர் என்னை மா என்றது அதுதான் முதல் தடவை.  வகுப்பில் முதலில் சொல்லிக் கொடுத்ததை நான் கடைசியாகச் செய்தேன்: எல்லாக் கேபிளையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்ப்பது.

ராஃபியா முடிச்சை அவிழ்த்தேன். ஆறு கேபிள்கள் பிரிந்து வந்தன. ஏழாவது வரவில்லை. குட்டையாக ஒன்று, பெட்டியின் ஒரு துளையிலிருந்து புறப்பட்டு, மற்றவற்றோடு கட்டுக்குள் புகுந்து, அதே பெட்டியின் இன்னொரு துளைக்குள் போயிருந்தது.

கேபிள் நல்ல கேபிள், பெட்டியும் நல்ல பெட்டி. ஆனால் ஒரு துளையில் வெளியே போன செய்தி அடுத்த துளையில் புதிதுபோல உள்ளே வந்துகொண்டிருந்தது. பெட்டி அதை மறுபடி எல்லாருக்கும் அனுப்பும். அது திரும்ப உள்ளே வரும். இப்படிச் சுற்றிச் சுற்றி வேறு எதற்கும் இடமில்லாமல் போய்விட்டது. அந்த ஒரு கேபிளை உருவினேன். விளக்குகள் அடங்கின. மற்றவற்றைச் சொருகினேன். பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் நேற்றிலிருந்து தேங்கிக் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தது.

கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யார் சொருகியது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இருபது வருடமாகக் கீழே கிடப்பதைக் கிடக்க விடாத கை. ஒரு முனை தொங்குகிறது, ஒரு துளை காலியாக இருக்கிறது. அந்தக் கை வேறு என்ன செய்யும்?

துவான் கதவருகே வந்து நின்றார். பின்னால் கிராணி. என்ன கோளாறு என்று கேட்டார். கேபிள் கோளாறு என்று சொல்லிவிட மனதுக்குள் வார்த்தை தயாராக இருந்தது. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

நான் வாய் திறப்பதற்குள் அம்மா கிராணியைத் தாண்டி உள்ளே வந்தார். என் கையில் இருந்த கேபிளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"சாயா புன்யா சாலா, துவான்," என்றார். என் தப்பு என்று. பிறகு தோட்டத்து மலாயில், தொங்கிக்கொண்டிருந்ததைத் தான்தான் காலித் துளையில் சொருகியதாகவும், பிள்ளைக்கு அது தெரியாது என்றும் சொன்னார்.

துவான் அம்மாவிடம், "தொடக் கூடாது என்று யாராவது சொன்னார்களா?" என்று கேட்டார்.

"இல்லை, துவான்."

என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னாயா?"

"சொல்லவில்லை, துவான். கேபிளைத் தொங்கவிட்டுப் போனதும் நான்தான். தப்பு என்னுடையது."

கிராணி மெதுவாக, "உதிரிப் பழம்னு நெனச்சிப் பொறுக்கிட்டாங்க," என்று தமிழில் சொல்லி, பிறகு அதையே மலாயில் சொன்னார். துவான் சிரிக்கவில்லை என்றாலும் முகம் இளகியது. இன்று புதன்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். தோட்டத்துக் கிளினிக்குக்கும் கேபிள் இழுக்க வேண்டும், எத்தனை மீட்டர் என்று அளந்து சொல் என்றுவிட்டுப் போனார். கிள்ளான்காரர் பேச்சு அதோடு முடிந்தது.

எனக்கு வேலை நிலைத்துவிட்டது. அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"நீ கட்டுனத நானே பிரிச்ச மாரி ஆயிருச்சி. இனிமே அந்த ரூம்ப நான் கூட்ட மாட்டேன். வேற ஆளப் பாக்கச் சொல்லு."

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்மா. ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஒனக்குத் தெரியும்ல," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் அம்மாவை ஸ்டோர் அறைக்குக் கூட்டிப் போனேன். வர மாட்டேன் என்றவரைக் கையைப் பிடித்துப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினேன். பெரட்டில், விடியற்காலை ஆள் கூப்பிடும்போது, மண்டோர் ஒரு பெயரைச் சொன்னால் அந்த ஆள் மட்டும் குரல் கொடுப்பார். அதற்குப் பதில் நிற்கிறவர்கள் எல்லாரும் அதே பெயரைத் திருப்பித் திருப்பிக் கத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஒருத்தனும் வேலைக்குப் போவ முடியாது."

"அதுதான் நடந்துச்சி."

குட்டைக் கேபிளை அவர் கையில் கொடுத்தேன். இரண்டு முனையையும் சொருகச் சொன்னேன். பயந்து பயந்து சொருகினார். விளக்குகள் பைத்தியம் பிடித்ததுபோல் துடித்தன. "எடுங்க," என்றேன். எடுத்தார். அடங்கின. இன்னொரு முறை அவராகவே செய்து பார்த்தார். மூன்றாவது முறை செய்யப் போனவரை நான் தடுக்க வேண்டியிருந்தது.

"இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதான்."

ஒவ்வொரு விளக்கும் யாருடையது என்று காட்டினேன். இது கிராணி, இது துவான், இது தீம்பாங். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வரிசை தெரியும், எண்ணத் தெரியும்.

அந்த அறையை இன்றும் அம்மாதான் கூட்டுகிறார். போன மாதம் ஒரு காலை, நான் இன்னும் தலை வாரிக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மூனாவது வெளக்கு எரியல. தீம்பாங்கு. நான் ஒன்னும் தொடல."

எலி கடித்திருந்தது. செம்பனைத் தோட்டத்தில் எலிக்கு என்ன பஞ்சம். குழாய் முடியும் இடத்தில் வெட்டிப் புது முனை போட்டேன். அம்மா கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். முட்டி வலிக்கும், உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை. முதல் லோரி வாசலில் திரும்பும் சத்தம் கேட்டபோது மூன்றாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிராணி சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, இவ்வளவு காலையில் தாயும் மகளும் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"கேபிளு வேல," என்றார் அம்மா, விளக்கை அணைத்துக்கொண்டே. "முடிஞ்சிருச்சி. நீங்க போயி உக்காருங்க, கிராணி."