சிஜோவின் கறுப்புப் புத்தகம்

என் அண்ணன் சிஜோ பெந்தெகொஸ்து சபையில் சேர்ந்துவிட்டான் என்று முதலில் சொன்னது அம்மா. முதலில் நம்பியது நான். எங்கள் வீட்டில் சந்தேகம் பரம்பரைச் சொத்து. அப்பா கடலுக்குப் போய்க் கொண்டுவரும் மீனையே அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் சட்டியில் போடுவாள். அவளுக்குப் பிறந்த டெல்சி நான், வேறெப்படி இருப்பேன்?

தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் கடலோரம் எங்கள் வீடு. அப்பா மரியஜான் வள்ளத்தில் போகிறவர். சிஜோவுக்கு இருபத்தாறு வயது. டிப்ளமோவில் ஏழு பேப்பர் போனது. கடலில் இறங்கினால் வாந்தி. எங்கள் ஊரில் இந்த இரண்டும் சேர்ந்த ஒருவனுக்கு மிச்சமிருக்கும் வழி கல்ஃப் மட்டும்தான். மஸ்கட்டில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்துப் போனான். இரண்டு வருட விசா. பதினோராவது மாதம், சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு சாக்லேட் பொட்டலம்கூட இல்லை.

"என்ன மக்கா, லீவா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. வந்துட்டேன்."

அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. ஒரு மாதம் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தான். பிறகு ஒரு திங்கட்கிழமை எழுந்து குளித்து, சவரம் செய்து, ஒன்பது மணி பஸ்ஸில் தக்கலைக்குப் போனான். சாயங்காலம் வந்தான். மறுநாளும் போனான். எதற்கு என்று கேட்டால் "சும்மா". தாலுகா ஆபீசில் சம்பளம் வாங்குகிறவர்களே தினமும் போகாத தக்கலைக்கு இவனுக்குத் தினமும் சும்மா என்ன வேலை?

அம்மா அடையாளங்களைச் சேர்க்க ஆரம்பித்தாள். குடியை விட்டுவிட்டான். கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றிவிட்டான். கேட்டால் வேர்க்குரு என்றான். எப்போதும் வெள்ளைச் சட்டை. அது மஸ்கட் கம்பெனி கொடுத்த ஐந்து சட்டை என்பது எனக்குத் தெரியும், ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் சட்டையும் சாட்சி சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் புத்தகம். செங்கல் கனம், கறுப்பு ரெக்சின் உறை. அதைப் பையில் வைத்துத்தான் போவான், தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவான். யாரும் தொடக் கூடாது. குடியில்லை, நகையில்லை, வெள்ளைச் சட்டை, கறுப்புப் புத்தகம். எங்கள் பக்கத்தில் எந்தக் கத்தோலிக்கத் தாயைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

சபைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னோடு படித்தவர்களிலேயே நாலு பேர் உண்டு. ஆனால் என் கல்யாணம் அப்போது நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அனிஷ், இரண்டு ஊர் தள்ளி. அவனுடைய அப்பா வியாகப்பன் அந்த ஊர்ப் பங்குப் பேரவையில் பெரிய ஆள். மாதா திருவிழாவுக்கு முப்பது வருடமாகக் கொடி பிடிக்கிறவர். அவருடைய தம்பி ஒருவர் சபைக்குப் போனதற்கு, பதினைந்து வருடம் அவரோடு பேசாமல் இருந்தவர். பெண்ணின் அண்ணன் சபைக்காரன் என்று காதில் விழுந்தால் கல்யாணம் அன்றோடு முடிந்தது. எனக்கு அனிஷைப் பிடித்திருந்தது. அதை வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்லாவிட்டால் நான் செய்த எதுவும் புரியாது.

அம்மா அவனுக்குப் பரீட்சை வைத்தாள். தெருமுனைக் குருசடியில் இருக்கும் மாதா சிலைக்கு மாலை போடச் சொன்னாள். சபைக்குப் போனவன் சிலைக்கு மாலை போட மாட்டான் என்பது கணக்கு. சிஜோ மாலையை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தான்.

"பாத்தியாம்மா, போட்டுட்டான்" என்றேன்.

"அதாம்டீ எனக்குப் பயம். சொன்ன ஒடனே எந்தக் காலத்துல இவன் ஒரு காரியம் செய்திருக்கான்?" என்றாள் அம்மா.

கிறிஸ்துமஸ் கழிந்து முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை இரண்டு ஊர்க் கோயிலிலும் வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும். மற்றப் பெண்களுக்கு அது வெட்கப்பட்டுத் தலை குனியும் நேரம். நான் தலையை நிமிர்த்தி, யார் யார் வாயைத் திறக்கிறார்கள் என்று பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே அப்பாவின் தங்கை மிக்கேலம்மாள் மாமி அம்மாவிடம் வந்து சேர்ந்தாள். தக்கலைச் சந்தையில் மீன் விற்கிறவள். "ஏட்டி குளோரி, ஒனக்க மவன் ஒரு கெட்டிடத்துக்குள்ள போவுததப் பாத்தேன். மாடியில ஒரே பாட்டும் கைதட்டும். சபைக்காரங்களுக்க ஜெபக்கூடம். நான் பாத்தது பொய்யின்னா எனக்க கண்ணு அவிஞ்சு போவட்டு" என்றாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாம் ஓலை முடிந்த திங்கட்கிழமை நான் அவனைப் பின்தொடர்ந்தேன். அவன் ஏறியதற்கு அடுத்த பஸ்ஸில் போய், மாமி சொன்ன கட்டடத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன். மாடியில் ஜெபக்கூடத்துப் பலகை இருந்தது. மாமியின் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் கீழ்த்தளத்தில் இன்னொரு பலகை தெரிந்தது, வெயிலில் எழுத்து வெளுத்துப்போன பலகை. நூலகம்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். சிஜோ ஒரு ஸ்டூலில் ஏறி நின்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்தான். நடுவில் விரித்து நாலு வரி படித்தான், வைத்தான், அடுத்ததை எடுத்தான். ஒன்றை மட்டும் நெடுநேரம் வாசித்து, அதைக் கையோடு வைத்துக்கொண்டான். இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒழுங்காகப் படிக்கிறவன் முதல் பக்கத்திலிருந்து அல்லவா ஆரம்பிப்பான்? அப்போது ஒரு பெண் வந்து அவனிடம் சிரித்துப் பேசினாள். சரி, விஷயம் இதுதான் என்று உள்ளே போய்விட்டேன். பக்கத்தில் பார்த்தால் அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், பெயர் பெமிலா, நூலகர்.

"சிஜோவுக்க தங்கச்சியா நீ? ஒண்ணும் சொல்லல்லியா வீட்டுல?" என்றார். "ஒம்பது மாசமாட்டு வருகான். மூணு அலமாரி முடிச்சாச்சு. லைப்ரரி சயின்ஸ் படிக்க அப்ளிகேஷன் போட்டிருக்கான். எனக்க சர்வீசுல இப்பிடி ஒருத்தனக் கண்டதில்ல."

சிஜோ ஸ்டூலின் மேல் நின்றபடியே என்னைப் பார்த்தான். கோபமில்லை. பிடிபட்டவனின் முகம். "வீட்டுல சொல்லாண்டாம். இதுவும் ஏழு பேப்பர் மாதிரி ஆயிருச்சுன்னா?" என்றான்.

நான் சொல்லிவிட்டேன், சொல்லாமல் எப்படி இருக்க முடியும். அம்மா நம்பவில்லை. "அடிச்சாலும் பாடப்புத்தகத்தத் தொடாதவன் லைப்ரரிக்குப் போறானாம். செரி, அப்ப அந்தக் கறுப்புப் புக்கு? அதும் லைப்ரரி புக்கா?" என்றாள். அது நூலகப் புத்தகம் இல்லை. நூலக முத்திரை எதுவும் அதில் இல்லாததை நானே ஓரத்தில் பார்த்திருந்தேன். என் நெஞ்சில் பாதி இறங்கிய சந்தேகம் மறுபடி ஏறிக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானம் வியாகப்பன் மாமா எங்கள் ஊர்க் கோயில் உபதேசியாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாமியின் வாய் கறுப்புப் புத்தகத்தையும் சேர்த்துக்கொண்டு இரண்டு ஊர் தாண்டியிருந்தது. நாற்காலியில் உட்காரவில்லை, தண்ணீர் வாங்கவில்லை.

"மரியஜானே, நான் நேராட்டு கேக்குகேன். பய சபைக்குப் போறானா?"

"இல்ல" என்றார் அப்பா.

"அந்தப் புக்க நான் ஒருக்கா பாக்கணும். வேறெ ஒண்ணும் வேண்டாம். கதைப்புக்குன்னா நாளைக்கு மூணாம் ஓலை வாசிக்கட்டு. இல்லன்னா காலத்த பூசைக்கு முன்ன நான் சாமியாருட்ட சொல்லுவேன்."

எல்லோரும் சிஜோவைப் பார்த்தார்கள். அவன் கதவில் சாய்ந்து நின்றான். "நான் சபைக்குப் போவல்ல. புக்கத் தரமாட்டேன்" என்றான். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கை ஓங்கினார். "தங்கச்சிக்க வாழ்க்கையவிட ஒனக்கு அது பெருசாலே?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டிக்கொண்டது. என் கல்யாணம் போகிறது, இவன் தலையணைக்கடியில் எதையோ ஒளித்து வைக்கிறான். அறைக்குள் போய்ப் புத்தகத்தை எடுத்து விரித்தேன்.

கதைப்புத்தகம்தான். ரெக்சின் உறைக்குள் அட்டை இல்லை, பெயர் இல்லை, எழுதியவர் இல்லை. பத்தொன்பதாம் பக்கத்தில் தொடங்கியது. ஓரமெல்லாம் பென்சிலில் சிஜோவின் கோணல் எழுத்து. ஒவ்வொன்றுக்கும் தேதி, எல்லாம் மஸ்கட்டில் இருந்த மாதங்கள்.

'கட்டிலுக்கடியில் முன்னால் இருந்தவன் விட்டுப்போனது. இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் கிடக்கிறது. இன்றைக்குச் சாக வேண்டாம்.'

'நூற்றுப் பத்து கிடக்கிறது. இவனுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு.'

'முப்பத்தொன்றுதான் மிச்சம். மெதுவாக வாசிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்.'

கடைசிப் பக்கத்தில்: 'முடிந்துவிட்டது. முதல் பதினெட்டுப் பக்கத்தில் என்ன இருந்திருக்கும்? ஊரில் எந்த லைப்ரரியிலாவது இருக்கும். போய்த் தேட வேண்டும்.'

அதற்கு மறு வாரம்தான் அவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். வேலையை விட்டு ஓடிவந்தவன் என்று நாங்கள் பேசிய அந்த நாள். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"மக்ளே, கொண்டு வா பாக்கட்டு" என்று வெளியே வியாகப்பன் மாமாவின் குரல் கேட்டது.

கொடுத்தால் சபை என்ற பேச்சு அந்த நிமிடமே போய்விடும். ஆனால் வியாகப்பன் மாமா வாசிப்பார், உபதேசியார் வாசிப்பார், பின்னால் நிற்கும் அம்மா எழுத்துக் கூட்டி வாசிப்பாள். நான் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"மாமா, இது வேதபுத்தகம் இல்ல. கதைப்புக்குதான். ஆனா காட்ட முடியாது."

"காட்டாம நான் எப்பிடி நம்புகது?"

"அப்ப நம்பாண்டாம், மாமா."

அம்மா ஐயோ என்று சுவரில் சரிந்தாள். வியாகப்பன் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் புத்தகத்தை சிஜோவிடம் கொடுத்தேன். நான் வாசித்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்தது. நான் அழுதேன், எல்லோரும் கல்யாணத்துக்காக என்று நினைத்தார்கள்.

மறுநாள் பூசையில் சிஜோவைக் காணவில்லை. சாமியார் அறிவிப்புகளை வாசித்தார். கெபி வேலை, அன்பியக் கூட்டம், மறைக்கல்வி. முடிந்தது என்று நான் எழுந்திருக்கப் போனேன். அப்போது என் பெயரையும் அனிஷின் பெயரையும் மூன்றாம் முறையாக வாசித்தார்.

என்ன நடந்தது என்று அனிஷ்தான் போனில் சொன்னான். காலையில் முதல் பஸ்ஸில் சிஜோ அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். அனிஷின் அப்பாவின் முன்னால் புத்தகத்தை வைத்து, "தங்கச்சி காட்ட மாட்டா. நான் காட்டுகேன். எனக்க அம்ம அறியப்பிடாது" என்றிருக்கிறான். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓரம் ஓரமாக வாசித்தாராம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "மக்கா, ஒரு வாய் ஆகாரம் கழிச்சிட்டுப் போலாம்" என்று அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தாராம். முதலில் எனக்கு இதையும் நம்ப முடியவில்லை. என் கல்யாணத்தன்று அவர் என் அண்ணனின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. அன்றுதான் நம்பினேன்.

சிஜோ இப்போது நூலகப் படிப்பில் இரண்டாம் செமஸ்டர். எல்லாப் பேப்பரும் பாஸ். காலையில் பெமிலா அம்மாவுக்கு ஒத்தாசையாகப் புத்தகம் அடுக்குகிறான். அந்தப் பதினெட்டுப் பக்கம் இன்னும் கிடைக்கவில்லை. ஐந்து அலமாரி பாக்கி.

அம்மா மட்டும் விடவில்லை. சபைக்குப் போனவனை மாதா மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்பது அவள் கட்சி. நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அடுக்களையில் வைத்துக் கேட்பாள்.

"இப்பமாவது சொல்லுட்டீ. அவன் சபைக்குத்தானே போனான்?"

"ஆமாம்மா" என்று சொல்லிவிடுவேன்.

அவளுக்கு அதில் ஒரு திருப்தி. உடனே அவனைத் திட்டத் தொடங்குவாள், காய் நறுக்கி முடிகிறவரை திட்டுவாள். திட்டட்டும். சபைக்குப் போன மகனென்றால் அவளால் திட்ட முடியும்.