அழைப்பிக்குக் குரல் கொடுத்தவள்

குவாபாரா மிசாவோ முப்பத்தொரு வருடங்களில் எத்தனை முறை செத்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களுக்குக் குரல் கொடுப்பது அவள் பிழைப்பு. கதாநாயகிக்குக் கொடுத்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். கோபுரம் சரியும்போது சரியாக அதற்கு அடியில் நிற்பாளே ஒருத்தி, அவளுக்கு. ராட்சதப் புழு முதலில் விழுங்குகிற மீன்காரிக்கு. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது ‘ஊர்க்காரி மூன்று’ என்று ஒன்று வரும், அதற்கு எதிரே அவள் பெயர் வருவதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

அலறல்களை எப்போதும் கடைசியில்தான் பதிவு செய்வார்கள். முதலிலேயே அலறிவிட்டால் தொண்டை போய்விடும், பிறகு வசனம் பேச முடியாது. ஆகவே மிசாவோ சுவரோரம் நாற்காலியில் மூன்று மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள். வயிறு உறுமினால்கூட மைக்கில் விழும் என்று வரும்போதே ஒரு வாழைப்பழம் தின்றிருப்பாள். கடைசியில் எழுந்துபோய் நன்றாகச் செத்துவிட்டு, “எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க” என்று குனிந்து வணங்கிவிட்டு, ரயில் பிடித்து வீடு இருக்கிற நெரிமாவுக்கு வந்து சேருவாள். சும்மா சொல்லக்கூடாது, அவளைப் போலச் சாக அந்த ஊரில் ஆள் கிடையாது.

வீடு மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை, நடுவில் ஆள் நடக்கும் அளவுக்கு ஒரு நடை. புருஷன் பிரிந்துபோய் செண்டாய் நகரத்தில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். நடையின் முடிவில் இருக்கிற அறை மகன் தகுமாவுடையது. அந்தக் கதவு சாத்தி ஐந்து வருடம் ஆகிறது.

இருபத்திரண்டு வயதில் கம்பெனி வேலைக்குப் போனான். நாலாவது மாதம் ஒரு நண்பகலில் திரும்பி வந்தான், டையைக் கழற்றிச் செருப்பு அலமாரி மேல் வைத்தான், உள்ளே போனான். அங்கே என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அவள் வேலைக்குப் போயிருக்கும்போது குளிப்பான். திரும்பி வந்தால் ஈரத்துண்டு தொங்கும். பிள்ளை உயிரோடிருக்கிறான் என்பதற்கு அவளுக்கு அந்தத் துண்டுதான் சாட்சி.

தினமும் மாலை ஏழு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டத்தைக் கதவடியில் வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். முதல் வருடம் கத்தினாள். இரண்டாவது வருடம் கெஞ்சினாள். ஒரு டாக்டரைக் கேட்டு அவர் சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். தேயத் தேயக் கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது:

“தகுமா, சோறு ஆறுதுப்பா. வந்து சாப்ட்டுட்டுத் திரும்ப உள்ள போயிக்கோ. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

அவள் காலடிச் சத்தம் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே கதவு திறக்கும், தட்டம் உள்ளே போகும். அவள் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் கதவு திறக்க வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. ஐம்பத்தைந்து வயதுக்காரிக்கு இது பெரிய ஆசையா? நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மட்டும் அந்த அறையிலிருந்து சத்தம் வரும். ‘உப்பு மூடிய உலகம்’ என்ற தொடரை அவன் ஒரு வாரம்கூட விட்டதில்லை. அது பிள்ளைகள் பார்க்கிற மாதிரியான படமா என்று கேட்டால், கடவுளே! உலகம் அழிந்து நூறு வருடம் ஆன கதை. உப்புக்காற்று வீசினால் மனிதர்கள் நின்ற இடத்திலேயே உப்புச் சிலையாகிவிடுவார்கள். மிஞ்சிய பிள்ளைகள் சித்தப்பா சிலையின் சுண்டுவிரலைச் சுரண்டிக் கஞ்சிக்கு உப்பு போட்டுக்கொள்ளும். மிசாவோ அந்தத் தொடரில் ஏற்கெனவே நாலு தடவை செத்திருந்தாள். அதில் ஒரு தடவை சிலையாகி, மழையில் கரைந்து வேறு போனாள்.

மார்ச் மாதம் ஒலி இயக்குநர் நிகாய்தோவிடமிருந்து ஃபோன் வந்தது. பெயரோடு ‘சான்’ என்று மரியாதை சேர்த்துத்தான் அவர் கூப்பிடுவார்.

“குவாபாரா சான், ஒரு புது ஜந்து வருது. பேரு அழைப்பி. மூஞ்சி கிடையாது, வயித்துல வாய். ஒரு ஆளைத் தின்னுட்டு, அந்த ஆளோட குரல்லயே அவங்க வீட்டு வாசல்ல நின்னு கூப்பிடும். கதவைத் திறந்தா முடிஞ்சுது கதை. ரெண்டு பெரிய நடிகைங்களைக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். ரெண்டு பேரும் பேய் மாதிரியே பண்றாங்க.”

“பேய்தானே அது?”

“அதான் தப்பு. அது பேய்னு தெரிஞ்சா எந்தப் பையன் திறப்பான்? நீங்க ஒரு தடவை வந்து பண்ணிப் பாருங்க.”

பெயர் உள்ள பாத்திரம்! முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. ஆனால் ஃபோனை வைத்துவிட்டு அவள் உட்கார்ந்து அழுதது அதற்காக இல்லை. தன் குரல் அந்த அறைக்குள் போகப்போகிறது, கதவு சாத்தியிருந்தாலும் போகப்போகிறது, அவன் எழுந்து அணைக்காமல் கேட்கப்போகிறான். அதை நினைத்துத்தான் அழுதாள்.

பதிவன்று திரையில் படம் பாதிதான் வரைந்திருந்தது. வெறும் பென்சில் கோட்டில் ஒரு கதவு, உள்ளே ஒரு பையன், வெளியே ஒரு நீளமான உருவம். அந்தப் பையனின் அம்மாவை முந்தின நாள்தான் அழைப்பி தின்றிருக்கிறது. வசனத்தாளில் ‘கண்ணே, கதவைத் திற, அம்மா வந்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகாய்தோ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“தாளை விடுங்க. வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடுங்க.”

அவர் தெரியாமல்தான் சொன்னார். மிசாவோ தாளைக் கீழே வைத்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது. பெயரை மட்டும் படத்துப் பையனுடையதாக மாற்றினாள்.

“ரியோகு, சோறு ஆறுதுப்பா. வந்து சாப்ட்டுட்டுத் திரும்ப உள்ள போயிக்கோ. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

பையனுக்குக் குரல் கொடுத்த இளம்பெண் தன் வசனத்தைச் சொல்ல மறந்து அழுதுகொண்டு நின்றாள். நிகாய்தோ உள்ளே கேட்கும்படி பேசுகிற பொத்தானை அழுத்தி, “எனக்கு மயிர்க்கூச்செறியுது குவாபாரா சான், இதான், இதேதான்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மிசாவோவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அப்போது உறைக்கவில்லை. தொழிலில் ஊறியவர்களுக்கு இந்தச் சாபம் உண்டு. நன்றாக வந்துவிட்டால் போதும், எங்கிருந்து எடுத்தோம் என்று பார்க்கமாட்டார்கள்.

ஏப்ரலில் அந்த ஞாயிறு வந்தது. ஐந்து மணிக்கு நடையில் வந்து, சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே பாட்டு ஓடியது. காற்று ஊளையிட்டது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரலே அவளைக் கூப்பிட்டது.

சோறு ஆறுதுப்பா.

படத்தில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். ஈரத்துணியைக் கிழித்து அந்தச் சத்தத்தை உண்டாக்கியதை அவளே பார்த்திருக்கிறாள். ஐயோ, வேண்டாம் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வயிறு பிளக்கும் ஒலி வந்தது, பையனின் பாதி அலறல் வந்தது, அத்தோடு உள்ளே டிவி அணைந்துவிட்டது. படம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

ஏழு மணிக்கு வறுத்த கானாங்கெளுத்தியும் சோயா விழுது கரைத்த மீசோ சூப்பும் சோறும் எடுத்துக்கொண்டு போனாள். தட்டத்தைக் கீழே வைத்தாள். கூப்பிட வாயெடுத்தாள், வரவில்லை. எந்த வார்த்தையை எடுத்தாலும் அது வயிற்றில் வாய் வைத்த அந்தச் சனியனுடைய வார்த்தையாக இருந்தது. விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று தட்டம் வைத்தபடியே இருந்தது. மறுநாள் பாதி சாப்பிட்டிருந்தது.

ஊரோ வேறு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கடையில் தக்காளி பொறுக்கும்போது இரண்டு வாண்டுகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு “சோறு ஆறுதுப்பா” என்று இழுத்தன. பெற்றோர்கள் தொலைக்காட்சி நிலையத்துக்குப் புகார் எழுதினார்கள். கூடவே குரல் கொடுக்கும் தோழி தோமோயே ஃபோனில் சிரித்துச் சிரித்து மாளவில்லை.

“எங்கக்கா பேரன் கக்கூஸ் கதவைக்கூடத் திறக்கமாட்டேங்கறான்டி! அவங்கம்மா வெளிய நின்னு, தன்னோட பொறந்த நாளு, ரத்த வகை எல்லாம் சொன்னப்புறம்தான் திறந்தான். பெரிய ஆளாயிட்ட, போ!”

மிசாவோ மூக்கை உறிஞ்சினாள்.

“ஏய், அழறியா என்ன?”

“நான் தகுமாவைக் கூப்பிட்டு ஆறு நாளாச்சு, தோமோயே.”

தோமோயேவுக்குச் சிரிப்பு நின்றது. “அடிப்பாவி. அந்த வார்த்தை உங்க வீட்டு வார்த்தையா?”

“ஆமா.”

“அப்ப வேற வார்த்தை சொல்லிக் கூப்பிடேன்டி. உனக்கா குரலுக்குப் பஞ்சம்?”

“எத்தனையோ பொம்பளைக்குக் குரல் குடுத்திருக்கேன். என் குரல்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் தூக்கிக் குடுத்துட்டேன்.”

மறுநாள் நிகாய்தோவுக்கு ஃபோன் செய்தாள். தொடரை வட்டில் போட்டு விற்கும்போது சில இடங்களைத் திரும்பப் பதிவு செய்வது வழக்கம்தான். தன் பகுதியை வேறு குரலில், வேறு வார்த்தையில் பண்ணித் தருகிறேன், காசு வேண்டாம் என்றாள். அவர் பதறிப்போனார்.

“என்னங்க சொல்றீங்க? ஜனங்க பயப்படறதே அந்தக் குரலுக்குத்தான். கை வெச்சா என்னை அடிக்க வருவாங்க. இன்னும் ஆறு வாரத்துக்கு அழைப்பி வருது, தெரியுமில்ல?”

“என் பையன் பாக்கறான்.”

“பாத்துட்டு என்ன சொன்னாரு?”

வணக்கம் சொல்லி ஃபோனை வைத்தாள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தனை வருடமாகப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரிடம், தன் வீட்டில் ஒரு கதவு சாத்தியிருக்கிறது என்று இவள் ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் அல்லவா தெரியும்?

ஒன்பதாம் நாள் கறிக்குழம்பு வைத்திருந்தாள். ஏழு மணி. தட்டத்தை வைத்தாள், இரண்டு தடவை தட்டினாள், திரும்பினாள்.

“அம்மா.”

துருப்பிடித்துப் போயிருந்தது அந்தக் குரல். உள்ளே போனபோது அவனுக்கு இருந்த குரல் அவளுக்குத் தெரியும். இது அதைவிடக் கனத்திருந்தது. ஐந்து வருடத்தில் அவனுக்கும் வயது ஏறியிருக்கிறது என்பது குரலில்தான் தெரிந்தது. மிசாவோ நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நீதானா?” என்றது குரல், கதவுக்கு மிக அருகிலிருந்து.

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். கதவுக்கு அது எப்படித் தெரியும்?

“அம்மா! நீதானான்னு கேக்கறேன்ல?”

“நான்தான்பா.”

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “ஒன்பது நாளா சத்தமே இல்ல. டொக்கு டொக்குன்னு தட்டு மட்டும் வருது. உனக்கு என்னமோ ஆயிடுச்சு, வேற யாரோ வந்து சாப்பாடு வெக்கறாங்கன்னு நெனச்சேன். திறந்து பாக்கவும் பயமா இருந்துது.”

ஜந்து கூப்பிட்டதற்கு அவன் பயப்படவில்லை. அம்மா கூப்பிடாமல் போனதற்குப் பயந்திருக்கிறான். மிசாவோ கதவுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“உன்னைக் கூப்பிடற வார்த்தையை எடுத்துட்டுப் போயி அந்தச் சனியனுக்குக் குடுத்துட்டேன்டா. அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன்னைக் கூப்பிடறது? அதான் வாய் வரலை. மன்னிச்சுடுப்பா.”

“பாத்தேன். அந்தப் பையன் திறந்தான் இல்ல. எனக்கு அவன்மேல பொறாமையா இருந்துது. அதான் அணைச்சிட்டேன்.”

குழம்பின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து போகவில்லை. போயிருந்தால் வழக்கம்போல் திறந்திருப்பான் என்று தெரியும், ஆனாலும் உட்கார்ந்தே இருந்தாள். தாழ்ப்பாள் விலகியது. கதவு தட்டத்தின் அகலத்துக்குத் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது. வெளுத்து, மணிக்கட்டு மெலிந்து, நகம் ஒழுங்காக வெட்டிய கை. ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தொட்டுவிடலாம். மிசாவோ தன் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். கை தட்டத்தை இழுத்துக்கொண்டு உள்ளே போனது. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

உள்ளே அவன் கதவோரமாகவே உட்கார்ந்து சாப்பிடுவது கேட்டது. பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி, தட்டில் கரண்டி இடிக்கச் சாப்பிட்டான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அம்மா.”

“என்னப்பா?”

“நாளைக்குக் கூப்பிடு.”

“வருவியா?”

கரண்டிச் சத்தம் நின்றது.

“தெரியலம்மா. நீ கூப்பிடு.”

“சரிப்பா” என்றாள் மிசாவோ.