பந்து போன பிறகு கும்பிடு

வெங்கடேஸ்வரி எங்கள் அண்ணன் மகன் கருத்தப்பாண்டியின் பெண்சாதி. பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வாழ்க்கைப்பட்டது எங்கள் செட்டியார்பட்டி. அவளுடைய அப்பாவும் எங்கள் மதினி அழகுத்தாயின் ஒன்றுவிட்ட தம்பியும் ராஜபாளையம் மில்லில் ஒரே ஷிப்டில் நின்றவர்கள். அந்தப் பழக்கத்தில் வந்த சம்பந்தம். வந்த நாளிலிருந்து என்னைச் சின்ன மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

என் அண்ணன் படுக்கையில் விழுந்து கிடந்த காலம் முழுக்க அவருக்குக் கஞ்சி ஊட்டியதும் உடம்பு துடைத்ததும் இந்தப் பிள்ளைதான். பெற்ற மகன் லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ வடக்கே இருப்பான். அண்ணன் கண்ணை மூடிய பிறகு வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். அதோடு அவள் பேச்சும் நின்றுபோனது. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பகலில் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை. சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள்.

அதே கம்பெனியில் வேலை பார்க்கும் மாடத்தி, எங்கள் ஊர்ப் பெண்களைச் சேர்த்து ஒரு பூப்பந்து அணி வைத்திருந்தாள். வெங்கடேஸ்வரி பள்ளிக்கூடத்தில் ஆடியவள் என்று தெரிந்து ஒருநாள் வீட்டுக்கே வந்து கூப்பிட்டாள். மருமகள் மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

“போயி ஆடு தாயி,” என்றாள் அழகுத்தாய். “ரெண்டு பொம்பளையும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்து என்னத்தக் கண்டோம்?”

எங்கள் மதினி வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. மகராசி, சொன்னாள்.

பூப்பந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை. செர்வீஸ் போடுகிறவர் பந்தை இடுப்புக்குக் கீழே விட்டு, பேட்டைப் பின்னாலிருந்து வீசி, வலைக்கு மேலே குறுக்காக எதிர்க்கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். பார்க்க லேசாக இருக்கும். ஆனால் ஆட்டத்திலேயே அதுதான் சிரமமான அடி. பறந்து வருகிற பந்தை அடிக்கும்போது நினைக்க நேரம் கிடையாது. நம் கையில் சும்மா இருக்கிற பந்தை அடிக்கும்போதுதான் ஊரில் உள்ள நினைப்பெல்லாம் வந்து நிற்கும்.

வெங்கடேஸ்வரிக்கு அந்த அடி பிறவியிலேயே வந்ததுபோல் இருந்தது. தொட்டில் ஆட்டுகிற கைக்கு ஒரு நிதானம் உண்டே, போகிற வேகத்திலேயே திரும்பி வருமே, அந்த வீச்சு. பந்து எழும்பியதே தெரியாது, எதிர்க்கட்டத்தின் மூலையில் கிடக்கும். ஆடி முடித்து வீட்டுக்கு வரும்போது வாசலிலேயே சத்தம் கேட்கும். “அயித்த, இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?” அந்தக் குரலைக் கேட்பதற்காகவே நான் அந்த நேரம் பார்த்து அண்ணன் வீட்டுப் பக்கம் போய் வருவேன்.

வம்பு வந்தது செயித்ததில்தான்.

முதல் வருடம் ராஜபாளையத்தில் நடந்த போட்டியில் எங்கள் பிள்ளைகள் கோப்பை வாங்கினார்கள். அழகுத்தாய், “நம்ம குலசாமி அய்யனாரு குடுத்தது” என்று சொல்லித் திருநீறு பூசிவிட்டாள். ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் அம்மா போன் பண்ணினாள். “நான் பேச்சியம்மனுக்கு நேந்துக்கிட்டேன்ட்டி. அவதான் குடுத்தா. மறந்துராத.”

இரண்டு பக்கத்துச் சாமியையும் விட்டுவிடக் கூடாதே என்று, அடுத்த ஆட்டத்திலிருந்து செர்வீஸ் போடுமுன் அய்யனாரையும் பேச்சியம்மனையும் மனதுக்குள் கூப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் அவசரத்தில் பேச்சியை விட்டுவிட்டாள். பந்து வலையில் விழுந்தது. போதாதா? பயம் பிடித்துக்கொண்டது. அவளுடைய அம்மாச்சி பிறந்தது கான்சாபுரம். அந்த வழிக்கு ஒரு மாடசாமி உண்டு. அவரும் சேர்ந்தார். பிறந்த ஊர் தாயார் ஆண்டாளை விட முடியுமா? அவளும் வந்தாள். ஒவ்வொரு செர்வீஸுக்கும் இத்தனை பேரும் வந்து இறங்கவேண்டும்.

கை அந்தரத்தில் நிற்கும். பேட் பின்னால் போய் அங்கேயே யோசிக்கும். மாடசாமியைக் கூப்பிட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஜனங்கள் கோட்டுக்கு வெளியே நின்று சிரிக்க ஆரம்பித்தார்கள். “ஏலே, அந்த அக்கா பேட்ட வச்சுக்கிட்டு தூங்கிருச்சுலே!” என்று ஒருவன் கத்தினான்.

இந்த வருடப் போட்டி எங்கள் ஊர் அம்மன் கோவில் திடலில். அரையிறுதியில் நடுவர் அவளைக் கூப்பிட்டு, இவ்வளவு நேரம் எடுக்கக் கூடாது என்று எச்சரித்தார். அதற்குப் பிறகு அவள் போட்டதெல்லாம் ஒன்று வலையில், ஒன்று கோட்டுக்கு வெளியே. மற்ற நாலு பேர் உயிரைக் கொடுத்து ஆடியதில் எப்படியோ செயித்தார்கள். மாடத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னாள்.

“ஞாயித்துக்கெழமை பைனலு. உன்னய எறக்குதேன். ஆனா இதே மாதிரி நின்னேன்னு வையி, பாதியிலேயே வெளிய உக்கார வச்சிருவேன். அப்புறம் டீமுக்கே வேண்டாம். கோவிச்சுக்காத.”

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் சத்தம் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அழகுத்தாய் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். போன சீக்கு திரும்பி வந்த மாதிரி இருந்தது எங்களுக்கு. கோப்பை கிடக்கட்டும், அந்த இடம் போனால் பிள்ளை மறுபடி ஊமையாகிவிடும்.

மறுநாள் கம்பெனியில் நடந்ததைப் பின்னால் தேவகிருபை சொல்லித்தான் எனக்குத் தெரியும். தேவகிருபை எங்கள் ஊரில் பென்சன் என்கிறவனின் பெண்சாதி, சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அணியில் வலைக்குப் பக்கத்தில் நிற்கிறவள், கம்பெனியில் வெங்கடேஸ்வரிக்கு எதிரே உட்கார்ந்து துணி மடிக்கிறவள். மத்தியானம் சோற்றுச் சட்டியைத் திறந்தாள். கண்ணை மூடிச் செத்த நேரம் ஜெபம் பண்ணினாள். திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

“இம்புட்டுத்தானா?” என்று கேட்டாளாம் வெங்கடேஸ்வரி.

“பின்ன? கவளத்துக்குக் கவளம் ஜெபம் பண்ணுனா சோறு ஆறிப்போகும்டி. ஆமா, எதுக்குக் கேக்க?”

அப்போதுதான் வெங்கடேஸ்வரி வாயைத் திறந்து, செர்வீஸுக்கு முன்னால் தான் யார் யாரைக் கூப்பிடுகிறாள் என்று சொல்லியிருக்கிறாள். அதுவரை ஒருவருக்கும் தெரியாது. கை பழுது என்று மாடத்தி நினைத்திருந்தாள், கண் பழுது என்று நான் நினைத்திருந்தேன். தேவகிருபைக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது.

“அடிப் பாவி! இத்தன சாமியும் ஒரே பேட்டப் பிடிச்சு இழுத்தா அது எப்படிட்டி வீசும்? காலையில வீட்டுல ஒரு தடவ கும்பிட்டுட்டு வா. கேட்டது அவியளுக்குக் கேக்கும். பந்து போன பொறவு, குடுத்தீகளே சாமின்னு சொல்லு. நடுவுல எதுக்குக் கூப்பிடுத?”

“மறந்துட்டேன்னு கோவிச்சுக்கிட்டா?”

“உங்க மாமனாருக்கு அத்தன வருசம் பீ மூத்திரம் அள்ளுனியே, அத அவியளுக்கு யாரும் சொல்லணுமா? பாத்துக்கிட்டுத்தான இருந்தாக.”

அந்தச் சொல்லுக்கு வெங்கடேஸ்வரி அழுதுவிட்டாளாம்.

சொன்னதும் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சாயங்காலம் திடலில் போட்டுப் பார்த்தாள். கூப்பிடக் கூடாது, கூப்பிடக் கூடாது என்று நினைக்க நினைக்க எல்லாரும் முன்னைவிடச் சீக்கிரமாக வந்து நின்றார்கள். பந்து வலையில்தான் விழுந்தது.

தேவகிருபை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். “ஏட்டி, துணி மடிக்கையில நீ விரலப் பாக்கியா?”

“எங்க பாக்கேன்? உன்கூடப் பேசிக்கிட்டுல்ல இருக்கேன்.”

“அப்ப பேசு.”

அன்றிலிருந்து தேவகிருபை வலையைப் பார்த்து, இவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, திரும்பிப் பார்க்காமலே பேச்சுக் கொடுப்பாள். அரிசி களைந்தாயா, கரண்டு வந்ததா, கருத்தப்பாண்டி அண்ணன் எங்கே லோடு இறக்குகிறார் என்று அன்றாடக் கதை. இவள் பதில் சொல்லும்போதே கை தன்பாட்டில் பின்னால் போய்த் தன்பாட்டில் முன்னால் வரும். முதல் நாள் பத்துக்கு நாலு பந்து போனது. அடுத்த நாள் கூடுதலாகப் போனது. போனதும் ஒரு நொடி கண்ணை மூடி, “குடுத்தீக” என்பாள். அவ்வளவுதான்.

இறுதி ஆட்டம் யாரோடு என்று நினைக்கிறீர்கள்? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளோடு! காலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்ற மருமகள் திடீரென்று என்னைக் கேட்டாள்.

“சின்ன மாமா, இன்னைக்கு ஆண்டாள் யாரு பக்கம் நிப்பா?”

“அவ ஊருப் பிள்ளைகள விட்டுக்குடுப்பாளா?” என்றேன்.

“நானும் அவ ஊருப் பிள்ளதான?” என்று சிரித்தாள். அவள் சிரித்ததே எனக்குக் கோப்பை வாங்கிய மாதிரி இருந்தது.

திடல் நிறைந்த கூட்டம். அழகுத்தாய் கோட்டை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வெங்கடேஸ்வரியின் அம்மாவும் பஸ் ஏறி வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், எந்த ஊருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல். ஆளுக்கொரு செட் எடுத்து, மூன்றாவது செட்டில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டே வந்தன. கடைசியில், எங்கள் பக்கம் ஒரு பாயிண்ட் பின்னால், அவர்களுக்கு ஒன்று கிடைத்தால் முடிந்தது என்கிற இடத்தில் செர்வீஸ் வெங்கடேஸ்வரியிடம் வந்து நின்றது.

கூட்டம் அடங்கிவிட்டது. அவள் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேட் பின்னால் போனது. எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது, நின்றுவிடுமோ என்று. மாடத்தி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலைக்குப் பக்கத்தில் தேவகிருபை திரும்பாமலே கேட்டாள்.

“ஏட்டி, நாளைக்கு என்ன கொழம்பு கொண்டாரே?”

“புளிக்கொழம்பு.”

சொல்லும்போதே பேட் வந்துவிட்டது. தொட்டில் கயிறு வருகிற நிதானம். பந்து வலையை உரசாமல் தாண்டி மூலையில் இறங்கியது. அதைவிட நல்ல செர்வீஸை நான் பார்த்தது இல்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஒருத்தி, யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும், தரையோடு தரையாகப் பாய்ந்து அதை எடுத்துவிட்டாள். எடுத்த பந்து எங்கள் ஐந்து பேருக்கும் எட்டாத இடத்தில் விழுந்தது.

தோற்றுவிட்டோம்.

வெங்கடேஸ்வரி கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. பிறகு வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய், விழுந்து கிடந்த பெண்ணைக் கை கொடுத்துத் தூக்கினாள். திரும்பி வந்தவளிடம் மாடத்தி சொன்னாள்: “புளிக்கொழம்புல எனக்கும் ஒரு கரண்டி கொண்டாந்துரு.” அணியில் இடம் இருக்கிறது என்பதை மாடத்தி வேறெப்படிச் சொல்வாள்?

அடுத்த வெள்ளிக்கிழமை மருமகள் அய்யனார் கோவிலில் பொங்கல் வைக்க வேண்டும் என்றாள். அழகுத்தாய்க்குப் புரியவில்லை.

“தோத்ததுக்கா தாயி பொங்க வைப்பாக?”

“கை திரும்பி வந்துச்சுல்ல அயித்த, அதுக்கு. கேக்காமலே குடுத்தாகள்ல?”

தேவகிருபையையும் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்கு ஆட்டோவில் எல்லாருமாகப் போனோம். கருத்தப்பாண்டியும் லோடு இறக்கிவிட்டு வந்து சேர்ந்தான். பானை பொங்கியதும் மருமகள் சாமிக்குப் படைத்தாள். மாமியாருக்கும் எனக்கும் கொடுக்குமுன் முதல் இலையைத் தேவகிருபைக்கு நீட்டினாள். தேவகிருபை வாங்கிக்கொண்டாள், கண்ணை மூடிச் செத்த நேரம் ஜெபம் பண்ணினாள், சாப்பிட்டாள்.

“உப்பு கம்மி,” என்றாள்.

“சக்கரப் பொங்கலுக்கு எதுக்குட்டி உப்பு?”

அதில் ஆரம்பித்த பேச்சு வீடு வந்து சேரும்வரை ஓயவில்லை. ஆட்டோச் சத்தத்தையும் மீறி வெங்கடேஸ்வரியின் குரல்தான் கேட்டது. என் அண்ணன் இருந்து கேட்டிருக்க வேண்டும்.